ஐஸ் லாரி நடைபாதையைக் கடந்த விதம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கூட்டத்தில் எனக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மற்ற நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், "பெரியவரே, கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்க, காரு திரும்பணும்" என்பதுதான் எனக்குக் கிடைக்கிற மரியாதை.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கல் பதித்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைபாதை இல்லாத காலத்தில் சண்டை இல்லை. எல்லாரும் சாக்கடை ஓரமாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றுமையாக நடந்தோம். கல் பதித்ததும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. காலையில் ஓடுகிறவர்கள் ஒரு கட்சி, கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு கட்சி. கேட்டைத் திறந்தால் கார் நடைபாதையைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். ஓடுகிறவர்களும் அதே நேரத்தில் அதே கல்லின் மேல்தான் வருகிறார்கள்.

"கேட்டு தொறந்த சத்தமே இல்ல. காரோட பின்பக்கம் நேரா என் இடுப்புக்கு வந்துட்டு" என்றார் ஓடுகிறவர் ஒருவர். பேங்க்கில் வேலை பார்க்கிறவர்.

"காதுல ரெண்டு பக்கமும் பாட்டச் சொருவிக்கிட்டு ஓடுனா சத்தம் எங்கேருந்து கேக்கும்? ஆரன் அடிச்சேன்ல?" என்றார் கார்க்காரர்.

"ஆரன் அடிச்சா நடைபாதை உங்களுதாயிடுமா?"

"அப்ப கார நான் தலையில தூக்கிக்கிட்டு வரணுமா?"

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள். "நம்ம கலியபெருமாள் ஐயா காலம்பூரா ஐஸ் கம்பெனி லாரி ஓட்டுனவரு. தெனமும் நடைபாதையத் தாண்டித்தான் வண்டிய எடுத்திருக்காரு. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

நான் வாயில் சுண்டலை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் ஒரு வார்த்தையில் நிறுத்தத் தெரியாதவன். ஆனாலும் அன்றைக்கு உண்மையாகவே ஒரே வரிதான் சொன்னேன். "நானே ஒரு பொண்ண நடைபாதையில விழ வச்சவன்தாங்க."

அதுவரை சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த அளவில் கூட்டம் வெற்றிதான்.

அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், நம் தெருச் சங்க மலரில் போடலாம் என்றார்கள். நான் மூன்றாவது வரை படித்தவன். கைகாட்டிப் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்துவிடுவேன், அதுவும் வண்டி மெதுவாகப் போனால். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். முதலில் என் அப்பா வைத்திருந்த காளையிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் ஆனதும், "அப்பா, காளை ஓடலப்பா. பொண்ணுதான் ஓடுனிச்சு. அதுக்கு வாங்க" என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டாள்.

வருகிறேன்.

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி. வயல் வேலை பார்த்து, டிராக்டரில் தொற்றி, லாரியில் கிளீனராகி, ஒரு வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்தேன். லைசென்ஸ் பரீட்சையில் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதிகாரி சுவரில் சாய்த்து வைத்திருந்த குடை சக்கரத்தில் போய்விட்டது. எப்படித்தான் பாஸ் போட்டாரோ தெரியாது. இன்னொரு தடவை என்னைப் பார்க்க அவருக்கு மனசில்லை என்று நினைக்கிறேன். டிரைவர் வேலையில் நான் அதுவரை படித்த பாடமெல்லாம் ஒன்றுதான். ஆரனை அடி, ஜனங்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அடி.

இந்தப் படிப்போடுதான் காரைக்காலில் அந்த ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி டவுனுக்குள், வீடுகளுக்கு நடுவில் இருந்தது. நூல் பிடித்தது போல நேரான தெரு. இரும்பு கேட்டுக்கு முன்னால் பழைய கருங்கல் பாவிய நடைபாதை, நாலு பேர் கை கோத்து நடக்கிற அகலம். நேராகவும் அகலமாகவும் இருந்ததால் காலையில் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். எங்களுக்கோ விடிகிற நேரத்தில் ஐஸ் பார்களை ஏற்றிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓட வேண்டும்.

கம்பெனியை நடத்தியவரைச் சொல்தா ஐயா என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் பெயர். இவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஐஸ் கம்பெனித் தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அதிலும் கறுப்பு ஷூவைப் பளபளவென்று போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். குரலை உயர்த்தவே மாட்டார். மூட்டை தூக்குகிறவரைக்கூட நீங்க என்றுதான் சொல்வார். மற்ற முதலாளிகள் திட்டினால் ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்துவிடலாம். இவர், "நீங்க செஞ்சது சரின்னு உங்களுக்குப் படுதா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

முதல் நாள் நான் என் வழக்கப்படி ஆரனை அடித்துக்கொண்டே கேட்டிலிருந்து வெளியே வந்தேன். நடைபாதையில் போன இரண்டு அம்மாக்கள் அலறிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். சொல்தா ஐயா நடந்து வந்து கதவில் கை வைத்தார்.

"கலியபெருமாள், அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்ப ஆரன் அடிச்சிக்கிட்டா போவீங்க?"

"வீட்டுக்குள்ள லாரி எப்படிங்க போவும்?"

"இது நடக்குறவங்க வீடு. நீங்க நடுக்கூடத்துல போறீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அவர் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். கேட்டுக்கு உள்ளே, லாரி மூக்கு வெளியே தெரியாத அளவுக்குத் தள்ளி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார். லாரி அங்கே வந்து நிற்க வேண்டும். கியரை எடுத்து நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு டிரைவர் இறங்க வேண்டும். நடந்து போய் நடைபாதைக்கு நடுவில் நிற்க வேண்டும். இடது பக்கம் மருந்துக் கடைக்கு முன்னால் உள்ள மின்கம்பம் வரைக்கும், வலது பக்கம் முச்சந்திப் பிள்ளையார் கோயில் வரைக்கும் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு ஆள் வந்தாலும் அவர் போகும் வரை நிற்க வேண்டும். பிறகு ஏற வேண்டும். வாட்ச்மேன் சின்னப்பன் நடைபாதையில் போய் நிற்பார். மற்ற கம்பெனியில் வாட்ச்மேன் விசில் ஊதி ஜனங்களை நிறுத்திவிட்டு லாரியை வா வா என்பார். இங்கே தலைகீழ். சின்னப்பன் முகம் ஜனங்கள் பக்கம் இருக்கும். கையைப் பின்னால் நீட்டி லாரிக்குக் காட்டுவார். நிறுத்துகிற கை லாரிக்குத்தான், மனிதர்களுக்கு இல்லை. அந்தக் கை இறங்கினால்தான் நான் ஆள் நடக்கிற வேகத்தில் வெளியே வரலாம். ஐஸ் லாரி போகிற இடமெல்லாம் ஒழுகும். அதனால் லாரி போனதும் சின்னப்பன் கல்லைச் சாக்குப் போட்டுத் துடைத்து, உமியைத் தூவிவிடுவார். வழுக்கக் கூடாது.

எதிரில் டீக்கடை. அங்கே மற்ற லாரிக்காரர்கள் நின்றுகொண்டு, நான் இறங்கி நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"என்னண்ணே, லாரிக்கு வழி பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?"

"ரெண்டும் அமையலடா" என்பேன்.

கேலி செய்தாலும் அப்படியே பல வருசம் செய்தேன். பக்தியினால் இல்லை. சொல்தா ஐயா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்தப் பயத்தினால்.

பக்தி என்று சொல்லிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுக்கும்போது பிள்ளையாரைக் கும்பிடாமல் எடுக்கமாட்டேன். சீட்டில் உட்கார்ந்தால் வலது பக்கம் மதிலுக்கு மேலே முச்சந்திக் கோயில் கோபுரம் தெரியும். இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, நெற்றியில் குட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிசம். எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லாருமே ஏதோ ஒன்று செய்வார்கள். மாதா சிலை வந்தால் சிலுவை போடுவார்கள், தர்கா வந்தால் நெஞ்சில் கை வைப்பார்கள், கோயில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் வண்டி ஓடும்போதேதான். இப்போது நினைத்தால் ஊரில் பாதி லாரி பாதி நேரம் கையில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இனிமேல்தான் அந்தப் பெண். பெயர் சுமதி. போலகம் கிராமத்தில் விவசாயக் குடும்பம். காரைக்காலில் அத்தை வீட்டில் தங்கி, ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு வருகிறது என்று விடியற்காலையில் எங்கள் நடைபாதையில் ஓடுவாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து கடற்கரை ரோடு வரை போய்த் திரும்புவாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை. சின்னப்பன் எண்ணிக்கொண்டே இருப்பார். "அஞ்சு முடிஞ்சிட்டு, இன்னும் ரெண்டு" என்று எனக்கே சொல்லுவார், நான்தான் ஓடுகிற மாதிரி.

ஒன்று கவனித்திருக்கிறேன். மற்ற வீட்டு கேட்டு திறந்திருந்தால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள். எங்கள் கேட்டில் குறைக்கவே மாட்டாள். நாங்கள் நிற்போம் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சொல்தா ஐயா பென்ஷன் விஷயமாகப் புதுச்சேரி போயிருந்தார். சின்னப்பனுக்குக் காய்ச்சல். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நிறைய வந்து, "ஐஸ் எங்க, ஐஸ் எங்க" என்று போன் மேல் போன். முதல் லோடு போய்விட்டது. அது ஒழுகிய தண்ணீரைத் துடைக்க ஆளில்லை, நானும் துடைக்கவில்லை. டிரைவர் சாக்கை எடுத்துத் துடைப்பதா என்று ஒரு கௌரவம்.

இரண்டாவது லோடு. கோட்டில் நிறுத்தினேன். இறங்கினேன். நடைபாதையில் நின்று இடது பக்கம் மின்கம்பம் வரை பார்த்தேன், வலது பக்கம் கோயில் வரை பார்த்தேன். ஒரு ஈ காக்காய் இல்லை. ஏறினேன். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். அந்த நேரம் கோயிலில் தீபாராதனை மணி அடித்தது. வெள்ளிக்கிழமை வேறு. மற்ற நாளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டேன். குட்டு மூன்று, கன்னத்தில் மூன்று. தோப்புக்கரணம் ஒன்றுதான் பாக்கி, சீட்டில் உட்கார்ந்து போட முடியாது என்று விட்டேன். தலையைக் குனிந்து கண்ணை மூடியபோது கிளட்சிலிருந்து கால் கொஞ்சம் மேலே வந்துவிட்டது போலிருக்கிறது. லாரி தானாக நகர்ந்தது.

பிள்ளையார் வலது பக்கம். சுமதி வந்தது இடது பக்கம்.

"ஆ" என்று ஒரு சத்தம். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். அவள் மேல் லாரி இடிக்கவில்லை. லாரி மூக்கு வெளியே வந்ததைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறாள். ஒதுங்கிய கால், நான் துடைக்காத தண்ணீரில் விழுந்து, வழுக்கி, கணுக்கால் மடங்கிவிட்டது. இறங்கி ஓடிப் பார்த்தால் முன் சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அவள் காலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு எங்கங்க இருந்திச்சு உங்களுக்கு?"

"புள்ளையாரக் கும்புட்டேம்மா."

"புள்ளையாரா ஓடி வந்தாரு? நான்தான ஓடி வந்தேன்?"



கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரரை நானா என்போம், எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; எனக்கு நெருங்கின ஆள். "நாங்க எல்லாரும் பாத்தோம். அவரு எறங்கி ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தாரு. இந்தப் புள்ளதான் வேகமா வந்துட்டு" என்றார். இன்னொருவர், "பொம்பளப் புள்ளைக்கு ரோட்டுல என்ன ஓட்டம்?" என்றார். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பேச வேண்டிய இடத்தில்.

ஆஸ்பத்திரியில், எலும்பு முறியவில்லை, சவ்வு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஐஸ் வைக்க வேண்டும், மூன்று வாரம் ஓடக் கூடாது. விழுந்தபோது அழாத பெண் அதைக் கேட்டதும் அழுதாள். தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. "வயசு முடியிதுங்க. எனக்கு இதுதான் கடைசித் தடவ" என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்ன செய்வார், தேதியையா தள்ளி வைப்பார்?

மத்தியானம் அவள் அப்பா போலகத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். நடவு நேரம். கெண்டைக்காலில் சேறு காயக்கூட இல்லை. மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"நீங்கதான் டிரைவருங்களா?"

"ஆமாங்க."

அடிக்கப்போகிறார் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

"காலையிலேருந்து இங்கயே நிக்கிறீங்களாமே. எதாவது சாப்ட்டீங்களா?"

அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் சொல்தா ஐயா வந்தார். கம்பெனிக்குள் விசாரிக்கவில்லை. நடைபாதையிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எறங்குனீங்களா?"

"எறங்குனேங்க. டீக்கடையில கேட்டுப் பாருங்க."

"அவங்கள எதுக்குக் கேக்கணும்? பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ரெண்டு பக்கமும்."

"அப்புறம்?"

"ஏறுனேன். எடுத்தேன்."

"ஏறுனதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலைங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பால்காரர் போனார், பேப்பர்காரர் போனார், இரண்டு சைக்கிள் போயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணி அடித்ததைச் சொன்னேன், குட்டு மூன்று என்பதைக்கூடச் சொன்னேன். துடைக்காமல் விட்ட தண்ணீரையும், முந்தின நாள் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றதையும் சொன்னேன்.

"நானும் மாதாவுக்குச் சிலுவை போட்டுட்டுத்தான் வண்டி எடுப்பேன்" என்றார். "நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு."

அதற்குப் பிறகு சொன்னதுதான் கொடுமை. "போஸ்டுக்கிட்டேருந்து ஓடி வாங்க."

"நானா?"

"ஓடி வாங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மின்கம்பத்திலிருந்து ஓடினேன். வயிறு முதலில் வந்தது, நான் பின்னால் வந்தேன். டீக்கடையில் சிரித்த சிரிப்பில் ஒருவருக்கும் டீ இறங்கவில்லை. கேட்டை நெருங்கும்போது உள்ளே லாரி உறுமியது. ஐயாதான் ஏறி உட்கார்ந்திருந்தார். மூக்கு ஒரு முழம் வெளியே வந்தது. நான் "யப்பா" என்று கத்திக்கொண்டு ரோட்டில் குதித்தேன். என் பின்னால் ஒரு மீன்காரம்மா, "கட்டையில போறவனே, கூடைய ஒடச்சிருப்ப" என்றார்.

சொல்தா ஐயா இறங்கி வந்தார். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு என்ன செய்யப் போறோம்?" என்று மட்டும் கேட்டார். செய்யப் போறீங்க என்று சொல்லவில்லை, போறோம் என்றார்.

எங்களிடம் இருந்தது ஐஸ்தான். டாக்டரும் ஐஸ்தான் வைக்கச் சொல்லியிருந்தார். அன்று முதல் காலையிலும் சாயங்காலமும் ஐஸ் கொண்டு போவது என் வேலை. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் அரைப் பாரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். சட்டையெல்லாம் தண்ணீர்.

சுமதி பார்த்துவிட்டு, "என்ன, கால வெட்டி ஐஸ்ல போட்டு லோடு அனுப்பப் போறீங்களா, மீன் மாதிரி?" என்றாள்.

அவள் அத்தை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் உடைத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் நாள் நடந்தாள். எட்டாம் நாள் மெதுவாக ஓடிப் பார்த்தாள். ஓடிவிட்டு உட்கார்ந்து, காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீசில் எழுதிக் கொடுக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்காக இல்லை. "ஓட வேண்டிய நேரத்துல ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாளாம்.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அவள் அப்பாவும் நானும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். பாதி ஓட்டம் வரை முன்னால்தான் வந்தாள். வளைவில் அந்தக் கால் மண்ணில் படும்போதெல்லாம் தோள் ஒரு பக்கம் சரிந்தது. கோட்டுக்கு இன்னும் சில எட்டு இருந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

வெளியே வந்தவளிடம் அப்பா கேட்டார். "கால் வலிச்சிச்சாம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். என்னையும் என் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தாள்.

"வலிச்சிச்சுப்பா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சினிமாவாக இருந்தால் சொல்லியிருப்பாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் உள்ளதைச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, "ஐஸ வைங்க" என்றாள். வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் காரைக்கால் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். எங்கள் அப்பாவின் காளையைப் பற்றி. அவர்கள் கேட்கவில்லை என்று தெரியும். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

இங்கே என் மகள், "படிக்கிறவங்களுக்கு எதாவது கருத்து சொல்லுங்கப்பா, சங்கத்துல அதத்தான கேட்டாங்க" என்கிறாள். சொல்கிறேன். கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். ஏறிய பிறகு சாமி கும்பிடாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், இரண்டும் ஒன்றுதான். வாசலைக் கழுவினால் கல்லைத் துடைத்து விடுங்கள். ஓடுகிறவர்கள் கேட்டு வரும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவுதான். இதை இரண்டு நிமிசத்தில் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்திவிட்டு இறங்குகிறேன், இடது பக்கம் சுமதி ஓடி வருகிறாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். அவள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். வேகத்தைக் குறைக்கவில்லை, நின்றேவிட்டாள்.

"போம்மா."

"நீங்க போங்கண்ணே."

"நான் நிக்கிறேன், நீ போ."

"நீங்க போனாத்தான் நான் போவேன்."

சின்னப்பன் லாரிக்குக் கையைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நான்தான் லாரியை எடுத்தேன். மறுநாளும் இதே கதை. ஏழு ரவுண்டில் எத்தனை தடவை லாரி நிற்கிறதோ, அத்தனை தடவையும் நின்றாள்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அதான் பரீட்சை முடிஞ்சிட்டே, இன்னும் எதுக்கும்மா ஓடுற?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள் கோபப்படவில்லை.

"கடையில காலைலேருந்து கட சாத்துற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும். ஒக்கார ஒரு ஸ்டூல் கெடையாது. இந்த ஒரு மணி நேரந்தாண்ணே கால் எனக்குன்னு இருக்கு."

"அப்ப இங்கயும் எதுக்கு நிக்கிற? ஓடேன்."

"நானா நிக்கிறேன்? ஒங்க லாரியப் பாத்தா கால் தானா நின்னுடுது."

வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்பது தெரிந்ததுதான். ஓட்டத்தையும் கெடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். லாரியைக் கோட்டுக்கு இன்னும் பின்னால் தள்ளி நிறுத்தினேன். எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள். இஞ்சினை அணைத்தேன். "எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். நியாயம்தான். சின்னப்பனை இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். "நான் என்ன சிலுவையா?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் இஞ்சினை அணைத்து, சாவியை உருவி எடுத்துக்கொண்டு இறங்கினேன். நடைபாதையில் சுவரோரமாக ஒட்டி நின்று, சாவியை அவள் கண்ணில் படும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கற்பூரம் காட்டுகிறவன் மாதிரி இருந்திருக்கும். டீக்கடையில் நானா, "என்னய்யா, சாவிய ஏலம் போடுறியா?" என்றார். உள்ளே ஆபீசில் துறைமுகத்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. சொல்தா ஐயா வாசலுக்கு வந்து நின்றார்.

சுமதி மின்கம்பத்தைத் தாண்டினாள். லாரி மூக்கைப் பார்த்தாள். கால் தயங்கியது. என் கையைப் பார்த்தாள். தாண்டிப் போய்விட்டாள்.

"நிக்கல!" என்றார் சின்னப்பன்.

திரும்பி வருவாளே என்று கையை இறக்கவில்லை. வந்தாள், போனாள். சின்னப்பன் எண்ணிக்கொண்டிருந்தார். லாரியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே போன் நின்று நின்று அடித்தது. மூன்று, நாலு, ஐந்து. என் தோள்பட்டை செத்துவிட்டது. சொல்தா ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது ரவுண்டில் லாரியைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஏழாவது ரவுண்டில், ஓட்டத்தை நிறுத்தாமலே, என்னைத் தாண்டும்போது சொன்னாள்.

"கைய எறக்குங்கண்ணே, வலிக்கப் போவுது."